ஜிடிபி ஏறிச்சுன்னு ஷேர் பண்றதுக்கு முன்னாடி

எகானமி நியூஸ் படிக்கறப்ப நம்ம எல்லாரும் பண்ற முதல் தப்பு, சதவீதத்த மட்டும் பாத்துட்டு எதுல இருந்து ஏறிச்சுன்னு கேக்காம விடறது. 100 இருந்தது 75க்கு விழுந்து அப்புறம் 90 ஆச்சுன்னா கணக்குப்படி 20 சதவீத வளர்ச்சி, கேக்க ஜோரா இருக்கும், ஆனா பழைய 100ஐ இன்னும் தொடல.

இதுலயே இன்னொரு குழப்பம், அமெரிக்கா நம்பர். 2020ல மூணாவது காலாண்டு ஜிடிபி, அதாவது நாட்டுல உற்பத்தியாகற பொருள், சேவை எல்லாத்தோட மொத்த மதிப்பு, 33 சதவீதம் எகிறிச்சுன்னு தலைப்பு வந்துச்சு. அங்க ஒரு காலாண்டு வேகம் அப்படியே ஒரு வருஷம் ஓடினா எவ்ளோ வரும்னு பெருக்கி சொல்றது பழக்கம். நிஜமா அந்த மூணு மாசத்துல ஏறினது 7 சதவீத சொச்சம், அதுக்கு முந்தின காலாண்டுலயோ 9 சதவீதம் விழுந்திருந்துச்சு.

அடுத்தது ஜிடிபி ஏறினா மக்கள் கையில காசு ஏறிடுச்சுன்னு நெனைக்கறது. இதுக்கு எனக்கு ரொம்ப புடிச்ச கேஸ் அயர்லாந்து. 2015ல அவங்க ஜிடிபி ஒரே வருஷத்துல சுமார் 26 சதவீதம் ஏறிச்சு, அதுக்காக அங்க யாரும் திடீர் பணக்காரன் ஆகல, சில பன்னாட்டு கம்பெனிங்க பேட்டன்ட் மாதிரி சொத்த எல்லாம் வரிக்காக அயர்லாந்து கணக்குக்கு மாத்துனாங்க, அவ்ளோதான். பொருளாதார நிபுணர் பால் க்ரூக்மன் இத 'லெப்ரகான் எகனாமிக்ஸ்'னு கிண்டல் அடிச்சாரு (லெப்ரகான்னா அயர்லாந்து நாட்டுப்புறக் கதைல வர்ற குட்டி மாயாவி). கடைசில அந்த நாட்டு புள்ளியியல் ஆபீஸே இது நம்ம நிலமைய காட்டலன்னு 2017ல தனியா ஒரு அளவு கொண்டு வந்துச்சு. இத்தனைக்கும் தேசிய வருமான கணக்கு போட்டுக் குடுத்த சைமன் குஸ்நெட்ஸே, இத வெச்சு மக்கள் நல்லா இருக்காங்களான்னு முடிவு பண்ணாதீங்கன்னு 1934லயே எழுதிட்டாரு, யாரு கேட்டா!

பணவீக்கம் 8ல இருந்து 4 ஆச்சுன்னா விலை குறைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்க பாருங்க, அதுவும் தப்பு. விலை ஏறிட்டேதான் இருக்கு, கொஞ்சம் மெதுவா.

ஷேர் மார்க்கெட்டும் எகானமியும் ஒண்ணு கெடயாது. 2020 ஆகஸ்ட்ல அமெரிக்க ஷேர் மார்க்கெட் குறியீடான எஸ் அண்ட் பி 500 புது உச்சம் போச்சு, அதே மாசம் அமெரிக்காவுல வேலையில்லாதவங்க 8 சதவீதத்துக்கு மேல.

அப்புறம், ஒரே ஒரு ஆய்வ வேதவாக்கா எடுத்துக்கறது. அரசாங்க கடன் ஜிடிபில 90 சதவீதம் தாண்டினா வளர்ச்சி படுத்துடும்னு ரைன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 2010ல எழுதினத காட்டி பல நாட்டுல செலவ வெட்டணும்னு பேசினாங்க. 2013ல தாமஸ் ஹெர்ன்டன்னு ஒரு மாணவர் ஹோம்வொர்க்குக்காக அவங்க கணக்கு போட்ட எக்ஸல் ஷீட்ட வாங்கி பாத்தா, சராசரி எடுக்கறப்ப 5 நாடுங்க விட்டுப் போயிருக்கு, வேற சில கோளாறும் சேந்து கடன் 90 தாண்டினப்ப மைனஸ் 0.1 சதவீதம்னு இருந்த சராசரி வளர்ச்சி, சரி பண்ணினதும் 2.2 ஆயிடுச்சு. சரி பண்ணின ஷீட்லயும், கடன் ஏறினதால வளர்ச்சி படுத்துச்சா, இல்ல வளர்ச்சி படுத்ததால கடன் ஏறிச்சாங்கறதுக்கு பதில் இல்ல.