குடல் புற்றுநோயும் சாப்பாடும்: இளம் வயதினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்குடல் புற்றுநோய் என்றால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு வருவது என்றுதான் நெடுங்காலமாக எண்ணிவந்தோம். இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களுக்கு அது வருகிறது. ஹாலிவுட் நடிகர் சாட்விக் போஸ்மேன் 2020இல் இந்த நோயால் இறந்தபோது அவருக்கு வயது 43தான். 50 நாடுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2024 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் 27 நாடுகளில் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இந்த நோய் கூடிவருவதாகச் சொன்னது. அமெரிக்காவில் அரசின் நிபுணர் குழு 2021இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்துவிட்டது.

மேற்கு நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் இந்த நோய் இன்னும் குறைவுதான். ஆனால் மும்பை டாடா நினைவு மருத்துவமனை 800 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது அவர்களின் சராசரி வயது 47 என்று தெரிந்தது. நம் மக்கள்தொகையே இளையது என்பதால் சராசரி இறங்கித்தான் இருக்கும் என்று சொல்லலாம். அப்படியே இருந்தாலும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிற வயதில் இந்த நோயோடு வருபவர்கள் நம்மிடம் நிறைய.

இந்த நோய்க்கும் சாப்பாட்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது பல வருடக் கணக்கில் வேலை செய்யும் தொடர்பு. குடலின் உட்சுவரில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி முளைத்துப் புற்றாக மாறவே பொதுவாகப் பத்து வருடம் போல ஆகும். நாம் செய்யும் பெரும்பாலான தவறுகள் இந்தக் கால அளவை மறப்பதால்தான் வருகின்றன. சாப்பாடு உதவக்கூடிய வருடங்களில் அதைக் கண்டுகொள்வதில்லை. மலத்தில் ரத்தம் வந்த பிறகு, சாப்பாட்டாலேயே அதைச் சரிசெய்யப் பார்க்கிறோம்.

ஏதோ ஒரு பொருளைக் குற்றவாளி ஆக்குவது

பரோட்டாவால் கேன்சர், பிராய்லர் கோழியால் கேன்சர் என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் நிறுத்தினால் போதும் என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். உறுதியான சான்று எதற்கு இருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் சிறியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. சாசேஜ், சலாமி, ஹாம், பேக்கன் எல்லாம் அதில் அடங்கும். ஆடு, மாடு, பன்றி இறைச்சி அதற்கு அடுத்த பிரிவில், அதாவது 'உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற பிரிவில் இருக்கின்றன. மதுவும் முதல் பிரிவில்தான் இருக்கிறது. மது பல உறுப்புகளில் புற்றுநோயை உண்டாக்குகிறது, அவற்றில் பெருங்குடலும் ஒன்று. நம் ஊரில் இதைச் சொன்னால் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். கல்லீரலுக்கு மட்டும்தான் கெடுதல் என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

முதல் பிரிவு என்றதும் சாசேஜும் சிகரெட்டும் ஒன்றுதான் என்று புரிந்துகொள்வது இன்னொரு தவறு. அந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கின்றன, ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்பது கணக்கு. நூற்றில் 18 பேருக்கு வரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அமெரிக்காவில் வாழ்நாளில் நூறு பேரில் சுமார் 4 பேருக்கு இந்த நோய் வருகிறது. அதில் 18 சதவீதம் கூடினால் ஐந்தைக்கூடத் தொடாது. உப்பிட்டுக் காயவைத்த உப்புக்கண்டமும் அந்த அமைப்பின் வரையறைப்படி பதப்படுத்திய இறைச்சிதான். ஆனால் எப்போதோ ஒருநாள் நாலு துண்டு வறுத்துத் தின்பதும், தினமும் காலையில் சாசேஜ் சாப்பிடுவதும் ஒன்றல்ல. அளவும் அடிக்கடி என்பதும்தான் முக்கியம்.

'நான் சுத்த சைவம்' என்ற நிம்மதி

இறைச்சி சாப்பிடாததால் ஒரு பாதுகாப்பு உண்டு, உண்மைதான். ஆனால் இறைச்சி இல்லாத தட்டில் என்ன இருக்கிறது என்பதும் கேள்விதானே? காலையில் டீயும் பிஸ்கட்டும், மதியம் வெள்ளைச் சோற்றில் கொஞ்சம் சாம்பார், சாயங்காலம் பஃப்ஸ், ராத்திரி மூன்று பரோட்டா என்று ஒரு நாள் போனால் அதில் கிடைக்கும் நார்ச்சத்து 10, 12 கிராமில் நின்றுவிடும். தேவைப்படுவது 25 முதல் 30 கிராம்.

நார்ச்சத்து என்றால் மலச்சிக்கலுக்கு நல்லது, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். அதன் பெரிய வேலையே வேறு. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் நாரை அங்குள்ள பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து பியூட்ரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மையான எரிபொருளே அதுதான். நார் வந்து சேராவிட்டால் அந்த பாக்டீரியாக்களுக்கும் தீனி இல்லை, செல்களுக்கும் எரிபொருள் இல்லை.

இதை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் வாழும் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களையும், தென்னாப்பிரிக்கக் கிராமப்புறத்தில் வாழும் 20 பேரையும் எடுத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்குச் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்தார்கள். பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலுமாகச் சாப்பிட்டுவந்தவர்களுக்குச் சோளக்கூழும் பயறும் கிடைத்தன, நார்ச்சத்து ஒரு நாளைக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்ந்தது. கிராமத்தாருக்கு அது 66 கிராமிலிருந்து 12 கிராமாக இறங்கியது. இரண்டே வாரத்தில் முதல் குழுவின் குடல்சுவரில் அழற்சி குறைந்தது, இரண்டாம் குழுவில் ஆபத்தைக் காட்டும் அறிகுறிகள் கூடின. புற்றுநோய் வந்துவிட்டது என்றோ போய்விட்டது என்றோ இதற்குப் பொருள் இல்லை. குடல் சாப்பாட்டை எவ்வளவு சீக்கிரம் உணர்கிறது என்பதை இது காட்டுகிறது.

நம் சமையலறையில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. கேழ்வரகிலும் கம்பிலும் சுமார் 11 கிராம். முழுப் பாசிப்பயறில் 17. முழுக் கொண்டைக்கடலையில் 25. ஒரு கைப்பிடி, அதாவது 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவைத்து மறுநாள் சுண்டல் செய்தால், ஒரு நாள் தேவையில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும். ஒரு கொய்யாப்பழம் அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். கீரையும் அவரையும் முருங்கைக்காயும் இருக்கவே இருக்கின்றன. இதற்குச் செலவும் அதிகம் இல்லை.

இதிலும் வழுக்கி விழும் இடங்கள் உண்டு. சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானிய பிஸ்கட் என்று பெயர் பார்த்து வாங்குகிறோம். பாக்கெட்டைத் திருப்பி உட்பொருள்களைப் படித்தால் பலவற்றில் மைதாதான் முதலில் இருக்கும். சாமை, வரகு, தினையும் பளபளவென்று தீட்டப்பட்டு வந்தால் தவிட்டோடு நாரும் போய்விடுகிறது. பழத்தை ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார் வடிகட்டியில் தங்கிவிடும், சர்க்கரை மட்டும் டம்ளருக்கு வரும். உடம்பை ஏற்றுகிறேன் என்று கோழியும் முட்டையும் மட்டுமே சாப்பிட்டு, சோறோடு பயறையும் காயையும் சேர்த்து விலக்கிவிடும் பையன்களும் இந்தக் கணக்கில் வருகிறார்கள்.

குடிக்கிற சர்க்கரை

அமெரிக்கச் செவிலியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், தினமும் இரண்டோ அதற்கு மேலோ சர்க்கரை பானம் குடித்த பெண்களுக்கு, 50 வயதுக்குள் குடல் புற்றுநோய் வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. 95,000க்கும் மேற்பட்ட பெண்களில் நோய் வந்தவர்கள் 109 பேர்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையினப் பெண்கள், நம் ஆட்கள் அல்ல. இருந்தாலும் கூல்டிரிங்க்ஸை விட்டுவிடுவதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அதற்குப் பதிலாகப் பாலும் மோரும் குடித்தால் அதில் பலனும் உண்டு. பிரிட்டனில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் விவரத்தை வைத்து 2025இல் வெளியான ஆய்வில், தினமும் 300 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாக, அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் அளவுக்கு எடுத்தவர்களிடம் ஆபத்து 17 சதவீதம் குறைவாக இருந்தது.

ரத்தத்தை 'சூடு' என்று சொல்வது

எல்லாவற்றிலும் கொடிய தவறு இதுதான். மலத்தில் ரத்தம் வந்ததும் முதலில் சொல்வது 'சூடு'. நேற்று கோழிக்கறி சாப்பிட்டோமே, அதனால்தான் என்று காரணமும் கிடைத்துவிடுகிறது. இளநீர், மோர், வெந்தயம் என்று ஒரு வாரம். நிற்கவில்லை என்றால் மூலம் என்று நாமே முடிவு செய்கிறோம். கருணைக்கிழங்கு, துத்திக்கீரை என்று சில மாதம். பிறகு பஸ் ஸ்டாண்டு சுவரில் 'மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று எழுதியிருக்கும் இடத்துக்குப் போய் இன்னும் சில மாதம். ரத்தம் விட்டு விட்டு வருவதால், நிற்கும் ஒவ்வொரு முறையும் மருந்து வேலை செய்துவிட்டது என்று நம்புகிறோம்.

இளம் வயதில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் மூலமோ ஆசனவாய் வெடிப்போதான் காரணம். அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் நிறத்தை வைத்து வீட்டில் பிரித்தறிய முடியாது. மூலம் இருப்பவருக்கே உள்ளே கட்டியும் இருக்கலாம். இளம் வயதினருக்கு இந்த நோய் மலக்குடலிலும் பெருங்குடலின் இடப்பக்கத்திலும்தான் அதிகம் வருகிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டியை மருத்துவர் கையுறை போட்டு விரலால் பார்த்தே பல நேரம் கண்டுபிடித்துவிடுவார். இரண்டு நிமிட வேலை. கூச்சப்பட்டு அதை மறுக்காதீர்கள்.

அமெரிக்காவில் இளம் வயதில் நோய் வந்த 5,000க்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து 2023இல் நான்கு அறிகுறிகளைச் சொன்னார்கள். வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு 3 மாதம் முதல் 2 வருடம் முன்பே இவை தலைகாட்டியிருந்தன. இவற்றோடு, போய்வந்த பிறகும் முழுசாகப் போகவில்லை என்ற உணர்வு, மலத்தில் சளி, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தசோகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் 8 என்று ரிப்போர்ட் வந்தால் பீட்ரூட், பேரீச்சை, மாதுளை என்று ஆரம்பித்துவிடுகிறோம். பெண்கள் என்றால் மாதவிடாய் மேல் பழி போய்விடுகிறது. சாப்பாட்டில் இரும்பு குறைவா, அல்லது உடம்பிலிருந்து ரத்தம் எங்கோ கசிகிறதா என்று கேட்காமல் விடக்கூடாது. வயது வந்த ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் குடலைப் பார்த்தே ஆக வேண்டும். (பீட்ரூட் சாப்பிட்டால் மலம் சிவக்கும், இரும்பு மாத்திரை போட்டால் கறுக்கும். இதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.)

வயிற்று அல்ட்ராசவுண்ட் நார்மல், மாஸ்டர் ஹெல்த் செக்கப் நார்மல் என்று திரும்பிவிடுபவர்களும் உண்டு. குடலின் உள்ளே இருக்கும் பாலிப்பைப் பார்க்க அல்ட்ராசவுண்ட் உதவாது. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்தால்தான் பார்க்கவும் முடியும், பாலிப் இருந்தால் அப்போதே எடுக்கவும் முடியும். 'குடல் சுத்தம்' என்று விற்கப்படும் பேதிப் பொடிகளால் பாலிப் கரையாது.

நோய் வந்தவரிடம் 'கண்டதையும் தின்றதால் வந்தது' என்று சொல்வதையும் நிறுத்த வேண்டும். 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வில், கோலிபாக்டின் என்ற நச்சின் தடயம் 40 வயதுக்குள் நோய் வந்தவர்களிடம், 70 வயதுக்கு மேற்பட்டவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் அதிகம் காணப்பட்டது. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் சுரக்கும் நச்சு அது, சிறு வயதிலேயே அதன் பாதிப்பு தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். வேறு சிலருக்குப் பரம்பரை மரபணுக் கோளாறு காரணம். ஒல்லியாக, ஒழுங்காகச் சாப்பிட்டு, தினமும் ஓடியவர்களுக்கும் இது வந்திருக்கிறது.

அதனால் வீட்டில் ஒரு விசாரணை செய்யுங்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்ததா, எந்த வயதில் வந்தது? 'வயித்துல கட்டி' என்று சொல்லி மறைத்துவிட்ட மரணங்களையும் அத்தை, பெரியப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அப்படி யாராவது இருந்தால் உங்களுக்கு 40 வயதிலோ, அவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். அண்ணனுக்கு 44இல் வந்திருந்தால் உங்களுக்கு 34.