முகூர்த்தப் புடவையில் மஞ்சள் கறை: என் அனுபவம்

கல்யாணம் முடிந்த கையோடு காஞ்சிப் பட்டை மடித்து, கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரிலேயே பீரோவில் வைத்துவிட்டேன். 14 மாதம் கழித்து வளைகாப்புக்கு எடுத்தால், முந்தானை மடிப்பில் ஜரிகை கருத்திருந்தது. இடுப்புப் பக்கம் மஞ்சள் கறை வேறு. பதற்றத்தில் சோப்பைத் தேய்த்தேன். கறை ரத்தச் சிவப்பாகிவிட்டது! ஆரத்தியில் மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே கதைதான். சுண்ணாம்பைப் போலவே சோப்பிலும் காரத்தன்மை (alkali) இருக்கிறது; அதுதான் மஞ்சளைச் சிவக்க வைக்கிறது.

பட்டு பழகிய டிரை கிளீனரிடம் போய், சோப்பு போட்டதையும் மறைக்காமல் சொன்னேன். கறை போனது; உற்றுப் பார்த்தால் லேசாக ஒரு நிழல். ஜரிகையை மட்டும் தொடவிடவில்லை. வெள்ளி இழைமேல் பூசிய தங்கம் மெல்லியது, தேய்த்தால் அதுவும் போய்விடும்.

இப்போது அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன், கஞ்சி போடாதது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிழலில் காற்றாடவிட்டு மடிப்பை மாற்றுகிறேன். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்த இடத்தில்தான் இற்றுப்போகும். அந்துருண்டை கிடையாது. காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து, பீரோ மூலையில் போட்டிருக்கிறேன்.