பெயர் வைக்க அவசரம் வேண்டாம்: தொல்பறவை ஆய்வுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுத்த முறை வீட்டில் கோழி வாங்கினால், செதில் மூடிய அந்தக் கால் துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றாக வேகவைத்து, தோலை உரித்து, எலும்பைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். கீழ் முனையில் கிணற்றுக் கப்பி மாதிரி மூன்று சின்ன உருளைகள் தெரியும். முன்விரல்கள் மூன்றும் அவற்றில்தான் பொருந்தியிருக்கும். இந்த உருளைகளின் நீளமும் திருப்பமும் பறவைக்குப் பறவை மாறும். கிளிக்கு வெளிவிரல் பின்பக்கம் திரும்பியிருப்பதால், அந்த விரலுக்கான உருளையும் பின்னோக்கி வளைந்திருக்கும்.

புதைபடிவமாகக் கிடைக்கும் பழங்காலப் பறவைகளைப் படிக்கும் தொல்பறவை ஆய்வு இந்த உருளையில்தான் தொடங்குகிறது. பறவை எலும்பு மெல்லிய சுவரும் உள்ளே வெற்றிடமும் கொண்டது. வெள்ளத்தில் புரண்டால் நொறுங்கிப் போகும். அதனால் முழுக் கூடு கிடைப்பது அபூர்வம், துண்டுதான் கிடைக்கும். குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, 5 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஒரு பறவைக்கு 2007இல் வஸ்தானவிஸ் என்று பெயரிட்டார்கள். அதற்கு ஆதாரமாக இருந்தது தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் தூண் போன்ற கொரகாய்டு எலும்பு. உங்கள் குழம்புக் கோழியிலும் அதே எலும்பு இருக்கிறது.

இதனால்தான் உயிரோடு இருக்கும் பறவையைப் படிக்காமல் புதைபடிவத்துக்குத் தாவுவதை முதல் தவறு என்பேன். டைனோசர் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் மாணவர்களிடம் வாத்தின் தோள் எலும்பையும் கோழியின் தோள் எலும்பையும் கொடுத்தால் திகைத்து நிற்கிறார்கள். அமெரிக்காவின் ஹில்டகார்ட் ஹோவர்டு, கலிபோர்னியாவில் எமரிவில் என்ற இடத்தில், பழங்கால மக்கள் தின்று போட்ட சிப்பிகள் குவிந்த மேட்டில் கிடைத்த பறவை எலும்புகளை ஆராய்ந்து 1929இல் ஒரு நூல் வெளியிட்டார். எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் படம் போட்டுப் பெயர் குறித்திருந்தார். துறையில் பல பத்தாண்டுகள் எல்லோரும் புழங்கியது அந்தப் பெயர்களைத்தான். நீங்களும் ஒப்பீட்டு எலும்புத் தொகுப்பு ஒன்றைச் சேர்க்கத் தொடங்குங்கள். கோழி, வாத்து, வான்கோழி, பண்ணைக் காடை என்று கடையில் கிடைப்பதே ஆரம்பத்துக்குப் போதும். காட்டுப் பறவை செத்துக் கிடந்தாலும் வனத்துறை அனுமதியில்லாமல் எடுக்காதீர்கள்.

இரண்டாவது தவறு, அருங்காட்சியகத்தில் ஒட்டியிருக்கும் சீட்டை அப்படியே நம்புவது. ஜெர்மனியில் 1855இல் கிடைத்த ஒரு கற்பலகையைப் பறக்கும் ஊர்வன என்று வகைப்படுத்தி, நெதர்லாந்தின் ஹார்லெம் நகர அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் அது அந்தப் பெயரிலேயே கிடந்தது. 1970இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜான் ஆஸ்ட்ரம் அதை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தபோது மங்கலான இறகுத் தடம் தெரிந்தது. அதை, ஆதிப் பறவை என்று பேர்பெற்ற ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று அடையாளம் கண்டார். 2017இல் வேறு இருவர் மீண்டும் ஆராய்ந்து, அதுவும் இல்லை என்று சொல்லி ஆஸ்ட்ரோமியா என்ற புதுப் பெயர் வைத்தார்கள். புதிதாகத் தோண்ட வாய்ப்பு அமையவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அருங்காட்சியக இழுப்பறைகளைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, விலைக்கு வந்த புதைபடிவத்தின் மேல் ஆய்வைக் கட்டுவது. இதுதான் ஆளையே கவிழ்த்துவிடும். சீனாவின் லியாவ்நிங் பகுதியிலிருந்து கடத்தப்பட்ட ஒரு கற்பலகையை, அமெரிக்காவின் டூசான் நகரப் புதைபடிவக் கண்காட்சியில் 1999இல் 80,000 டாலர் கொடுத்து வாங்கினார்கள். பறவையின் உடலும் டைனோசரின் வாலும் ஒன்றாக இருந்தன. டைனோசருக்கும் பறவைக்கும் நடுவே பல ஆண்டுகளாகத் தேடிய இணைப்பு கைக்கு வந்துவிட்டது என்ற பூரிப்பு. டெக்சாஸில் எடுத்த சிடி ஸ்கேன், துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அப்போதே காட்டியது. நேச்சர், சயின்ஸ் இரண்டு இதழ்களும் கட்டுரையை ஏற்கவில்லை. ஆனாலும் நேஷனல் ஜியாக்ரஃபிக் அந்த நவம்பர் இதழில் 'ஆர்க்கியோராப்டர்' என்ற பெயரோடு வெளியிட்டுவிட்டது. அடுத்த மாதமே, ஆய்வில் பங்குகொண்டிருந்த சூ சிங் சீனாவில் அதே வாலின் மறுபக்கப் பலகையை, அதாவது கல் பிளந்தபோது பிரிந்த மற்ற பாதியை, கண்டார். அது வேறொரு உடலோடு சேர்ந்திருந்தது! வால் மைக்ரோராப்டர் என்ற டைனோசருடையது, முன்னுடல் யானோர்னிஸ் என்ற பறவையுடையது. நல்ல விலை கிடைக்கும் என்று யாரோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

எனக்கு இதில் பெரிய வருத்தம், அந்த இரண்டு துண்டுகளுமே அறிவியலுக்குப் புதியவையாக இருந்ததுதான். ஒட்டாமல் தனித்தனியாக வந்திருந்தால் இரண்டு நல்ல கண்டுபிடிப்புகள். எந்த அடுக்கில், எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று தெரியாத எலும்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தொட யோசியுங்கள்.

களத்தில் செய்யும் தவறுக்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. அரியலூர் பக்கம் கல்லமேட்டில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டு, 1980களில் அந்த டைனோசருக்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்றார்கள், பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று கருத்து மாறியது. இன்று சரிபார்க்க எலும்பு இல்லை, பொடியாகிப் போனது. படங்களும் அளவுகளும்தான் மிச்சம். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்ட எலும்பு பிஸ்கட் மாதிரி உதிரும். கண்டவுடன் பிடுங்காதீர்கள். முதலில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எலும்பை இறுக்கும் பசைக் கரைசலை ஊறவிடுங்கள். ஈரக் காகிதம் போர்த்தி, சாக்குத்துணியைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்துச் சுற்றுங்கள். காய்ந்த பிறகு அடிமண்ணோடு சேர்த்துத் தூக்குங்கள். சுற்றியுள்ள மண்ணையும் மூட்டை கட்டி வந்து சல்லடையில் அலசுங்கள். பறவை, தவளை, பல்லி எலும்பெல்லாம் அதில்தான் அகப்படும்.

படிப்பு விஷயம் சுருக்கமாக. விலங்கியல் மட்டும் படித்துவிட்டு இந்தியாவில் வேலை தேடினால் சிரமம். இங்கே தொல்லுயிரியல் பெரும்பாலும் நிலவியல் துறைக்குள்தான் இருக்கிறது. புவியியல் ஆய்வுத் துறைக்கான யுபிஎஸ்சி தேர்வு எழுத நிலவியல் சார்ந்த முதுகலைப் பட்டம் வேண்டும். நிலவியலை எடுத்துக்கொண்டு, எலும்பியலைத் தனியாகக் கற்பதே நல்லது.

கோடி ஆண்டு பழமை இல்லையென்றால் மதிப்பில்லை என்ற நினைப்பும் வேண்டாம். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்து ஸ்டோர்ஸ் ஓல்சனும் ஹெலன் ஜேம்ஸும் ஹவாய்த் தீவுகளின் குகைகளிலும் மணல்மேடுகளிலும் பொறுக்கியவை பெரும்பாலும் சில ஆயிரம் ஆண்டு எலும்புகள்தான். 1991இல் அவற்றிலிருந்து 32 புதிய பறவை இனங்களை விவரித்தார்கள். மனிதர் கால் வைத்த பிறகு அழிந்துபோன, பறக்க முடியாத பெரிய வாத்தினங்களும் அவற்றில் உண்டு. எந்த எலும்பு எந்தப் பறவையுடையது என்று முடிவு செய்ய, அவர்களும் இன்றைய பறவைகளின் எலும்பைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தார்கள்.