ஆபரேஷனுக்குப் பிறகு மறதியா? இதைக் கவனியுங்கள்
பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு, அதுவும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, மாத்திரை போட்டோமா இல்லையா என்பதே மறந்துபோவது, பேசும்போது வார்த்தை வராமல் தடுமாறுவது எல்லாம் நடக்கக்கூடியதுதான். பெரும்பாலானோருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். கண் விழித்ததுமே அவர்களுடைய மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுங்கள், சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் குழப்பம் குறைய ரொம்பவே உதவும். பகலில் வெளிச்சம், ராத்திரி நல்ல தூக்கம். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்த பின், மாத்திரை போட்ட கையோடு நோட்டில் டிக் அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, வழக்கத்துக்கு மாறாக ஒரேயடியாக அமைதியாகிவிட்டாலோ, மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே நர்ஸிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். நோய்த்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, வலி மருந்து என்று எதுவும் காரணமாக இருக்கலாம்.