டரான்டுலா தின்னாமல் விட்ட சில்வண்டை வெளியே எடுப்பது எப்படி?

வீட்டில் வளர்க்கும் பெரிய முடிச் சிலந்திதான் டரான்டுலா. இரையாகச் சில்வண்டு போட்டாச்சு, சிலந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிடக்கட்டும், பசித்தால் தின்னும்" என்று மூடியை மூடிவிட்டுப் போகாதீர்கள். சட்டை உரிக்கும் டரான்டுலா மணிக்கணக்கில் மல்லாந்து கிடக்கும். உரித்த பிறகும் சில நாள் உடம்பும் நச்சுப்பல்லும் மெத்தென்றே இருக்கும். அப்போது பசியோடு திரியும் ஒரே ஒரு சில்வண்டு அதைக் கடித்துக் குதறிவிடும். அதனால் 24 மணி நேரம்தான் கெடு.

1. மூடியைத் திறக்கும் முன் சிலந்தி எங்கே என்று பாருங்கள். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று பதறித் தொட வேண்டாம். பெட்டியை அசைக்காமல், சில்வண்டை மட்டும் மெதுவாக எடுங்கள்.

2. கையுறை, கண்ணாடி போடுங்கள். என்னிடம் இருப்பது மெக்சிகன் ரெட் நீ என்ற டரான்டுலா இனம். சாது. ஆனால் எரிச்சல் வந்தால் பின்னங்காலால் வயிற்று முடியை உதறிவிடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

3. சிலந்தி விழித்து நடமாடினால், கால் நசுங்காத அளவு அகலமான டப்பாவை அதன் மேல் கவிழ்த்துவிடுங்கள். இனி நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

4. 30 செ.மீ. நீள இடுக்கியால் சில்வண்டைப் பிடியுங்கள். நுனியில் ரப்பர் இருப்பது நல்லது. வெறும் இரும்பைச் சிலந்தி கடித்தால் அதன் பல் உடையலாம். துரத்தாதீர்கள். நான் ஒருமுறை துரத்தி, அது நேராகச் சிலந்தியின் வளைக்குள்ளேயே புகுந்துகொண்டது. அன்று ராத்திரி தூக்கம் போச்சு.

ஒளிந்துகொண்டால் பாட்டில் மூடியில் ஒரு துண்டு கேரட் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். தேடி வரும். பிடித்ததும் கேரட்டையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

மீல்வார்ம் புழு போட்டிருந்தால் பாடு அதிகம். பெட்டியின் அடியில் பரப்பிய நார்த்தூளுக்குள் புதைந்துவிடும்; ஸ்பூனால் கிளறித்தான் எடுக்க வேண்டும். அடுத்த முறை தலையை நசுக்கிப் போடுங்கள்.

தண்ணீர்க் கிண்ணத்தையும் ஒரு பார்வை பாருங்கள்; சில்வண்டு அதில் மூழ்கிச் செத்துக் கிடக்கும்.

சட்டை உரித்திருந்தால், அடுத்த இரைக்கு அவசரம் வேண்டாம். வெள்ளையாக இருக்கும் பல் சிவந்து, பிறகு கறுக்கும். நன்றாகக் கறுத்த பின் போடுங்கள். வளர்ந்த சிலந்திக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.