'நோபுனாகாஸ் ஆம்பிஷன்': சேமித்த ஆட்டம் சிதைந்ததும் சரியானதும்

1989இல் நின்டெண்டோவின் என்.இ.எஸ். வீடியோ கேம் கருவிக்கு வெளியான 'நோபுனாகாஸ் ஆம்பிஷன்' விளையாட்டை என் கார்ட்ரிட்ஜிலிருந்து நகலெடுத்து, கையடக்கக் கருவியொன்றின் எமுலேட்டரில் (பழைய கருவியைப் போல இயங்கும் மென்பொருளில்) ஆடிவந்தேன். 50 நாடுகள் கொண்ட ஆட்டம் தடையின்றி ஓடினாலும், சேமித்துவிட்டு மீண்டும் திறந்தால் என் நாடான ஓவாரியின் பொன்னும் அரிசியும் பொருளற்ற எண்களாக நின்றன.

சேமிப்புக் கோப்பை அழித்துப் பார்த்தேன், கார்ட்ரிட்ஜின் முனைகளைத் துடைத்து மறுபடி நகலெடுத்தேன், பலனில்லை. அதே நகல் கணினியில் ஒழுங்காக ஓடியதுதான் என்னை அதிகம் குழப்பியது. சில எமுலேட்டர்கள் தம்முள் இருக்கும் பட்டியலைக் கொண்டு விளையாட்டை அடையாளம் கண்டு நகல் கோப்பிலுள்ள குறையை மறைத்துவிடுகின்றன என்பது பிறகே தெரிந்தது.

இந்தக் கார்ட்ரிட்ஜில் 8 கிலோபைட் நினைவகங்கள் இரண்டு உண்டு. பேட்டரி காப்பது அவற்றில் ஒன்றை மட்டுமே. கார்ட்ரிட்ஜின் அமைப்பைச் சொல்லும் குறிப்பு நகல் கோப்பின் தொடக்கத்தில் இருக்கும்; அதன் பழைய வடிவமான ஐநெஸ் தலைப்பில் இதைக் குறிக்க வழியே இல்லாததால், எமுலேட்டர் ஒரே நினைவகம் இருப்பதாகக் கொண்டு நடப்பு ஆட்டத்தையும் சேமிப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதியிருக்கிறது. தலைப்பைப் புதிய வடிவமான 'என்.இ.எஸ். 2.0'க்கு மாற்ற, ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் மென்பொருளில்) கோப்பின் முதல் 16 பைட்டுகளைத் திறந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணி, 7ஆம் பைட்டில் 08 என்றும் 10ஆம் பைட்டில் 77 என்றும் 11ஆம் பைட்டில் 07 என்றும் எழுதி, 8, 9 ஆகியவற்றையும் 12 முதல் 15 வரையுள்ளவற்றையும் பூஜ்யமாக்கினேன். (பழைய நகல்களில் யாரோ தம் பெயரையே அங்கே எழுதி வைத்திருப்பதும் உண்டு.) பழைய சேமிப்புக் கோப்பு இனி உதவாது என்பதால் அதை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன், இப்போது பொன்னும் அரிசியும் சேமித்தபடியே திரும்புகின்றன.