கும்பகோணம் செல்வோர் முதலில் போகவேண்டிய வீடு

விடுமுறையில் கும்பகோணம் செல்லும் உறவுகள், சொத்துக் காகிதங்களைக் கையில் எடுப்பதற்கு முன்பே சாரங்கபாணி சன்னிதித் தெருவுக்குப் போய்விடுங்கள். கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அங்கே நினைவில்லமாகப் பராமரிக்கிறது. தெருவைப் பார்த்த சன்னல், அதனருகே ஒரு கட்டில், அடுக்களை என்று சிறிய வீடுதான். ஆனால் காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்துக் கணக்குப் போட்டவர் இருந்த இடம் என்று எண்ணும்போது வெளியே வர மனம் வராது.

எனக்கு அங்கே அரைமணி நேரம்தான் கிடைத்தது. பூர்வீக வீட்டை விற்க வாரிசுச் சான்றிதழ் உடனே வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றதால், பன்னிரண்டு நாள் பயணத்தில் ஆறு நாள் ஒரு தாலுகா அலுவலகத்தில் கழிந்தது. முதல் நாள், அப்பாவின் இறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து மாறியிருக்கிறது என்றார்கள். மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் இல்லை. அதன்பின் மனுவையே புதிதாக எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு மேசையிலும் இறப்புத் தேதியைப் படித்துவிட்டு, “அப்போ நீங்க வரலையா?” என்று கேட்டார்கள். நான் வரவில்லை.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் 1910 நினைவுக்கு வந்தது. மற்றப் பாடங்களில் தவறி, கல்லூரி உதவித்தொகையை இழந்து, பட்டமும் இல்லாத இராமானுஜன், இப்படியொரு தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை கேட்டுத் தம் நோட்டுப் புத்தகங்களுடன் திருக்கோவிலூரில் துணை ஆட்சியர் வி. இராமசாமி ஐயரைப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவரான ஐயர், அந்த மேதைமையை வருவாய்த்துறையின் கடைசிப் படியில் முடக்க மனமின்றி, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம், 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் என்று அதன்பின் அவர் வாழ்க்கை விரைந்தது.

மூல நோட்டுப் புத்தகங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அவற்றைக் காண முடியாவிட்டால், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1957இல் வெளியிட்ட நிழற்படப் பதிப்பில் அவருடைய கையெழுத்தைப் பார்க்கலாம்.

1919இல் நோயுடன் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று 32 வயதில் சென்னையில் மறைந்தார். மனைவி ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார். கப்பலேறியவரின் கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ஊரில் இருந்தவரைப் பற்றியும் சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு உங்கள் அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். நான் போன அன்று என் அம்மா எனக்காகச் சோறு வடித்துவிட்டு வீட்டில் காத்திருந்தார்.